அப்பாவை மட்டும் வெளியேற்றினார்கள்

தேயிலைத் தோட்டத்துத் தொரையின் நாய் தண்ணீர் ஓடும் கானில் விழுந்தபோது அப்பா சிரித்துவிட்டார். அதற்காக அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேலை போனால், தோட்டம் தந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். ஆனால் அம்மாவும் நானும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் மேல் குற்றம் இல்லை. அதனால் அப்பா மட்டும் வெளியேற வேண்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பானது.

அதை நிறைவேற்றக் கோர்ட்டிலிருந்து ஒரு சிங்கள ஐயா மழையில் ஏறி வந்தார். காலெல்லாம் அட்டைக் கடி. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். ஐயா குடித்துவிட்டு, கொச்சைத் தமிழில் கேட்டார்:

"இதுல அவர் சாமான் எது?"

அம்மா கம்பளியையும் சவரக்கத்தியையும் காட்டினார்.

"பாய்?"

"அது ரெண்டு பேருக்கும்தான், ஐயா."

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, பாயை உள்ளேயே விட்டார்.

முன்திண்ணையான இஸ்தோப்பும் வாசலும்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். கீழே போகும் ரோடு மட்டும் அரசாங்கத்தினுடையது. அப்பா அதன் ஓரத்தில் தார் பீப்பாய்த் தகரங்களை வைத்து ஒரு குடில் போட்டார். எங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவர் லயத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வாச்சரைப் போட்டார்கள். அந்த மனுஷன் குளிர் தாங்காமல் அப்பாவின் குடிலுக்குள்ளேயே நெருப்புக் காய்ந்துகொண்டு, நாங்கள் கொண்டுபோகும் ரொட்டியில் பாதியைத் தின்றார். தொரை காரில் போகும்போதெல்லாம் அப்பா எழுந்து சலாம் வைத்தார். சிரிக்கவேயில்லை.

தொழிற்சங்கம் வழக்காடி, மாதங்கள் கழித்து அப்பாவுக்கு வேலையும் வீடும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கியது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவின் சாவியோடு வந்தார்.

"எனக்கு எதுக்குங்க வேற வீடு? எம் பொண்டாட்டி புள்ளைக அங்கதானே இருக்காங்க?" என்றார் அப்பா.

"அங்க இருந்துதான் கோர்ட்டு ஒங்கள வெளியேத்திருச்சே. திரும்ப அங்க எப்படி விடுறது? இதுதான் ஒங்க வீடு."

அப்பா சண்டைக்குப் போகுமுன் அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஏழு பேர் ஒரே காம்பராவில் நெருக்கியடித்துப் படுத்த குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எத்தனை வருஷம் கேட்டும் இன்னொரு காம்பரா கிடைத்ததில்லை. அன்று ராத்திரி தம்பிகளை அப்பாவோடு அனுப்பிவிட்டு, அம்மா கால் நீட்டிப் படுத்தார்.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சாப்பிட வரும்போதெல்லாம் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். "உள்ள வாங்க" என்று யாராவது சொன்ன பிறகுதான் படியேறுவார்.