துண்டைத் திருப்பிப் பார்த்த கை

அம்மா ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள். பொங்கலூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே பாட்டு ஒன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த பெண்களிடம் ஆளுக்கொரு சிவப்புத் துண்டைக் கொடுத்து, கதாநாயகன் ஜீப்பில் வரும்போது தலைக்கு மேல் சுழற்றச் சொன்னார்களாம்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, பழுது இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். நானும் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு அதே கம்பெனியின் ஆபீஸில் இருந்தேன். படம் வந்த இரண்டாவது வாரம் செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் எங்களோடு தியேட்டருக்கு வந்தார்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் அம்மா சீட்டின் நுனிக்கு வந்தாள். கடைசியில் திரையில் ‘வணக்கம்’ போட்டுவிட்டார்கள். படம் கொஞ்சம் பழசானதும் ஒரு பாட்டை வெட்டி, ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பது எங்கள் ஊர்த் தியேட்டர் வழக்கம். வெட்டுப்பட்டது அம்மாவின் பாட்டு. வெள்ளிக்கிழமை படமே மாறிவிட்டது. கம்பெனியில் செக்கிங் பெண்களின் கேலி தொடங்கியது.

“ஏனுங் நடிகையக்கா, டீ குடிக்க வர்றீங்களா, கேரவனுக்கே அனுப்பட்டுங்களா?”

“விடுங்கக்கா, கனவுல நடிச்சிருப்பாக” என்றாள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் அக்கா.

அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், “நாஞ் சொன்னா மறுபேச்சு இல்லாம நம்புவாங்க கண்ணு. இப்ப அதும் போச்சு” என்றாள்.

நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் தேடும்போது முதல் சிக்கல் ழகரம். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். அடுத்தது நெடில். எல்லா வகையையும் வரிசையாக அடித்துப் பார்த்தேன். ஓடாத படங்களின் பாட்டைக்கூட விடாமல் ஏற்றிவைத்திருந்தார் அந்தக் கதாநாயகனின் ரசிகர் ஒருவர். அவர் நன்றாக இருக்கட்டும். பாட்டு நாலு வரி ஓடும், நிற்கும், வட்டம் சுற்றும். ஒருவழியாக இறக்கி, என் செல்போனுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டேன். சுருக்கியதில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது. அம்மா எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

“இதைக் காட்டுனா இன்னும் சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். பாட்டு இருந்துச்சுன்னாவது தெரியட்டும்.”

டீ நேரத்தில் அந்தச் சின்னத் திரைக்கு மேல் தலைகள் கவிந்தன.

“மொளகாக் காயப்போட்ட மாதிரி இருக்குதுங்க. இதுல உங்களைய எங்க தேடறது?”

மதுரை அக்கா மட்டும் போனைப் பிடுங்கி இன்னொரு முறை ஓடவிட்டாள். சட்டென்று நிறுத்தினாள். “இங்கன பாருங்க!”

ஜீப் போய்க்கொண்டிருக்கிறது. அத்தனை பெண்களும் துண்டைச் சுழற்றுகிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் ஜீப்பைப் பார்க்கவில்லை. துண்டைத் திருப்பி, ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்க்கிறாள்.

“ஊரே சுத்துது, இந்தம்மா தையலைப் பாக்குது! நம்ம அக்காவேதான்!”

சிரிப்பில் ஒருத்தியின் டீ சிந்திவிட்டது. “ஏனுங்க்கா, ஹீரோ வந்தாலும் செக்கிங் தானுங்களா?”

அம்மாவின் முகம் சிவந்தது. “ஓரத்துல தையல் உட்டிருந்துச்சு. என்ன பண்றது?”

“அப்ப பாஸா, ரிஜெக்ட்டா?”

“ரிஜெக்ட்டுதான்” என்றாள் அம்மா.

அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.