பட்டு வேண்டாம் என்றாள்

என் மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆனபோது, "ரெண்டு அம்மாவையும் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஃபோனில் சொன்னாள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் புதிதாக வந்திருக்கும் இடமாம். மத்தியானம் ஸ்பாவில் எண்ணெய் மசாஜ், சாயங்காலம் ஆற்றைப் பார்த்தபடி டீ. மசாஜும் டீயும் என் காதில் ஏறவே இல்லை. ரெண்டு அம்மா என்றாளே, அதுதான் ஏறியது. போன வருடம் வரை அவளுக்கு ஒரே அம்மாதான்.

மறுநாள் வாட்ஸப்பில் உத்தரவு வந்தது. "அம்மா, பட்டு வேண்டாம். எண்ணெய் பட்டா போச்சு. காட்டன் சுடிதார் போட்டுக்க, நான் எடுத்துக் கொடுத்தது பீரோவுல அப்படியே இருக்கும். தலைக்குப் பூவும் வேண்டாம்."

எடுத்துப் போட்டுப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டுதான். துப்பட்டா தோளில் நிற்பேனா என்றது. கண்ணாடியில் தெரிந்தவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் மட்டும் போவதாக இருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். வருவது சம்பந்தியம்மாவாயிற்றே. தஞ்சாவூர் டவுன்காரர், காலேஜில் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர், இந்த வயதிலும் ஒடிசலான உடம்பு. அவர் பக்கத்தில் நான் இந்தக் கோலத்தில் நிற்பதா?

அரக்குப் பட்டை எடுத்தேன். தன் கல்யாணத்துக்கு நான் கட்டவேண்டும் என்று என் மகளே கடை கடையாக ஏறி எடுத்த சேலை. அதைக் கட்டிக்கொண்டு போய் நின்றால் பெற்றவள் யார் என்பது தானாக விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். வீம்புக்கு மல்லிகையும் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் குறுவை அறுவடைக்கு மெஷினை எதிர்பார்த்து வாசலில் நின்றார். "டீ குடிக்கவா இந்தப் பட்டு?" என்று கேட்டார். நான் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்ததால் வண்டி ஊர்ந்துதான் போனது. போய்ச் சேருவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது.

வரவேற்பில் மகளும் சம்பந்தியம்மாவும் நின்றார்கள். இருவர் மேலும் நீலச் சுடிதார். ஒரே கடையில் ஒன்றாகப் போய் எடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அங்கிருந்த பெண் அவர்களைப் பார்த்து, "அக்கா தங்கச்சி மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கல்யாண ஹால் அந்தப் பக்கம்ங்க மேடம்" என்றாள்.

"நான்தான் சொன்னேன்லம்மா" என்றாள் என் மகள்.

ஸ்பாவில் ஆளுக்கொரு கவுனை நீட்டினார்கள். முழங்காலோடு நின்றுபோகிற கவுன். "எனக்கு இதெல்லாம் ஆகாது, நீங்க போங்க" என்று வெளியே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் கெஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா கவுனுக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. நானும் இன்னிக்குத்தான் முதல் தடவையா சுடிதார் போடுறேன். சங்கடமாத்தான் இருக்கு. உங்க பொண்ணுதான், 'எங்கம்மா ரொம்பக் கூச்சப்படுவாங்க அத்தை, தனியா சுடிதார்ல வந்து நிக்க மாட்டாங்க, நீங்களும் போட்டுட்டு வந்தா அவங்களுக்குத் தைரியமா இருக்கும்'னு சொன்னா. அதுக்காகத்தான் போட்டேன். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கு இன்னும் எரிந்தது. என் கூச்சம் இவருக்கு எப்படித் தெரிந்தது? அவள் சொல்லியிருக்கிறாள். அம்மா மனம் நோகாமல் எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது என்று இருவரும் காப்பி குடித்துக்கொண்டே யோசித்திருக்கிறார்கள். மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று பெண்கள் அம்மாவிடம் கேட்பதுதான் ஊர் வழக்கம். இவள் அம்மாவை எப்படிச் சமாளிப்பது என்று மாமியாரிடம் கேட்டிருக்கிறாள்.

அதற்குமேல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் சின்னத்தனமாகிவிடும் என்று எழுந்து உள்ளே போனேன். கவுன் போட்டேன், எண்ணெயும் தேய்த்துக்கொண்டேன். சுகமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டீக்கு ஆற்றங்கரையில் மேசை போட்டிருந்தார்கள். எண்ணெய் உடம்பில் பட்டைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் சாயாமல் விறைத்து உட்கார்ந்திருந்தேன். அடுக்குத் தட்டில் விரல் நீளத்துக்கு சாண்ட்விச் வந்தது. மகள் எழுந்து வந்து தன் துப்பட்டாவை மடித்து என் முதுகுக்கும் சேலைக்கும் நடுவில் செருகினாள்.

"நல்லா இருந்துச்சாம்மா?"

"ம், பரவாயில்ல."

என் தலைக்கு மேலே அவள் மாமியாரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்தார். இருவரும் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய அப்பா முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அவர் தலைக்கு மேலே அவளும் நானும் இப்படித்தான் பார்த்துக்கொள்வோம்.