டாக்டர் ராஜநாதன் சொல்லாமல் வைத்திருந்த செய்தி

டாக்டர் ராஜநாதன் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர், பிரிக்பீல்ட்ஸில் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்யும் நண்பர். "அக்கா, நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க லா. ஏழைங்களத் தேடிப் போயி ரத்த ரிசல்ட் சொன்ன மனுஷன்" என்றார். போனை வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. டாக்டர் ரிசல்ட் சொன்னது உண்மைதான். ஆனால் அவராகச் சொல்லவில்லை, நாங்கள் சொல்ல வைத்தோம். அவரை அறிந்த நீங்கள் இதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், எழுபதுகளின் கடைசியில் அவர் கிள்ளானுக்கு வந்தார். எங்கள் வரிசை வீடுகளை அடுத்த கோயில் மண்டபத்தில் ரத்தம் எடுத்தார். சிறு வயதிலேயே மாரடைப்பு வரும் குடும்பங்களில், ரத்தக் கொழுப்பு பரம்பரையாக இறங்குகிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி. எங்கள் அப்பா அப்படி இறந்தவர் என்பதால் என்னையும் தம்பிகள் மணியத்தையும் செல்வத்தையும் முதலிலேயே அழைத்தார். மென்மையான கை அவருக்கு. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார். லோரி ஓட்டிய மணியத்துக்கு ஊசி என்றால் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டே, "ரிசல்ட் எப்ப டாக்டர்?" என்று கேட்டான்.

"வரும், வரும்."

வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, துறைமுகத்தில் லோரியை விட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான் மணியம். அவனுக்கு முப்பத்து மூன்று வயது.

காரியம் முடிந்ததும் கோலாலம்பூரில் டாக்டரின் அறைக்குப் போனேன். அவன் ரத்தத்தில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது. கொழுப்பு ரொம்ப அதிகம். உங்க அப்பாகிட்டேருந்து வந்தது" என்றார், குரல் மாறாமல்.

"ஏன் சொல்லல?"

"அது ஆராய்ச்சிம்மா, வைத்தியம் இல்ல. சொன்னாலும் உங்க ஆளுங்களால என்ன செய்ய முடியும்? வீணா பயந்துதான் சாவாங்க."

"அவன் பயப்படாமத்தான் செத்தான் டாக்டர். செல்வத்துக்கு?"

"அவருக்கும் இருக்கு" என்றார். நான் கேட்டிருக்காவிட்டால் அதையும் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த முறை அவர் குழுவோடு மண்டபத்துக்கு வந்தபோது வாசலில் நின்றேன். வந்தவர்களிடம் மணியத்துக்கு நடந்ததைச் சொன்னேன். "பழைய ரிசல்ட்ட சொல்லாம யாரும் கைய நீட்டாதீங்க" என்றேன். ஒருவரும் நீட்டவில்லை. டாக்டர் என்னைக் கலகக்காரி என்றார். பிறகு, வேறு வழியில்லாமல், முடிவுகளோடு திரும்பி வந்தார். வந்தவர் மைக்கைப் பிடித்துப் பெயர் சொல்லிப் படிக்கப் பார்த்தார். "ஐயோ, என் மகளப் பெண் பார்க்க வராங்க, ஊருக்கே சொல்லாதீங்க!" என்று ஒரு தாய் அலறினாள். நான்தான் போய் மைக்கை அணைத்தேன். நாடகத்துக்குக் கட்டும் திரையை மறைப்பாகக் கட்டினோம். அதன் பின்னால், குடும்பம் குடும்பமாக அழைத்து, மாலை வரை சொன்னார். பின்னாளில் மேடைகளில் இந்தக் கதையைத் தம்முடைய யோசனையாகவே பேசினார். அந்தத் தாயையும் மணியத்தையும் அவர் குறிப்பிட்டதே இல்லை.

கடைசிக் குடும்பம் போன பிறகு, நாற்காலியில் சாய்ந்தபடி என்னிடம் சொன்னார்: "அவங்க பயப்படுவாங்கன்னு சொன்னேன்ல, எனக்குத்தான் பயம். சொன்னா, அடுத்து என்ன செய்யலாம்னு கேப்பீங்க. எங்கிட்ட ஒழுங்கான பதில் கிடையாது."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த வார்த்தைகளை மட்டுமே. அவர் மெய்யாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. இரங்கல் கூட்டத்துக்கும் வரப்போவதில்லை. அன்று மாத மருந்துக்காகச் செல்வத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அண்ணனைவிட மூத்தவனாகிவிட்டான்.