தாடை வரை ஏறிய காலர்

தையல்கடைக்காரியை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத் தொழில். எதிரே வருபவரின் சட்டையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். "தோள் இறங்கியிருக்கே, எந்தப் புண்ணியவான் தைச்சது?" என்பதுதான் அவர் நலம் விசாரிக்கும் விதம்.

கடைக்கு மேல்மாடியில் ஓர் ஓவியர் குடியிருந்தார். தெருவில் போகிற பெண்களை ஜன்னலில் இருந்து பார்த்துப் பார்த்து வரைவார். மஞ்சள் முகம், நீலக் கை, தீப்பிடித்தாற்போல் உடை. ஒருநாள், பிரித்துத் தைத்த திரைச்சீலையைக் கொடுக்க ஊசியக்கா மேலே போனபோது, அங்கே சுவரில் ஓவியமாகத் தன் தங்கையைக் கண்டார். ரத்தச் சிவப்புச் சட்டை. காலர் தாடை வரை ஏறி, முகத்தையே மேலே நெட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது? காலரை இப்படி வெட்டினா மூச்சு எப்படி விடுவா?"

"விட முடியலம்மா."

"அவ காலரே போட மாட்டா சார். கழுத்து இறக்கம்தான் கேப்பா."

"போட்டிருந்ததை வரையல. இந்தத் தெருவுல நடக்கறப்ப எனக்கு அவ அப்படித்தான் தெரிஞ்சா."

"பத்து நாள் கீழ வந்து உக்காருங்க, காலர் வெட்டக் கத்துத் தர்றேன்." சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். வெட்டுத் தப்பு மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

அடுத்த வாரம் தங்கை துணியோடு வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் கழுத்தைச் சுற்றிச் சால்வை.

"அக்கா, காலர் வச்சு ஒரு சட்டை. நல்லா உசரமா."

"ஏண்டி, ஒட்டகச்சிவிங்கிக்கா தைக்கிறேன்?"

தங்கை சிரிக்கவில்லை. வாசலில் அவள் கணவன் பைக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். "சீக்கிரம் அளவெடுங்கக்கா, வேலை கிடக்கு" என்றான், பல்லெல்லாம் தெரிய.

டேப் கழுத்தைத் தொட்டதும் தங்கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊசியக்கா சால்வையை விலக்கினார். ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் கட்டைவிரல். நீலம் ஓரத்தில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"தைச்சுக் குடுக்கா. போயிடறேன்."

"எத்தனை நாளாடி?"

"முதல்ல முதுகுலதான்... அது வெளிய தெரியாது."

ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஊசியக்கா துணியை நான்காக மடித்துத் தங்கையின் மடியில் வைத்தார். வாசலுக்குப் போனார்.

"அளவு சரியா வரல தம்பி. நேரமாகும்."

ஷட்டரை இழுத்து இறக்கி, உள்பக்கமாகப் பூட்டினார். டேப் இன்னும் கையில்தான் இருந்தது.

வெளியே இன்ஜின் நின்றது. பைக்குக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.