நாற்காலித் தூக்கம்

சுடலைராஜ் அண்ணாச்சி நாலு மாதம் தூங்கவில்லை. அப்படித் தூங்காமல் ஒரு மனுஷன் உயிரோடு இருப்பானா என்று கேட்பீர்கள். விடியும் நேரத்தில் ஒரு மணி நேரம், பஸ்ஸில் பத்து நிமிஷம் என்று கண் அசந்திருப்பார். ஆனால் அதைத் தூக்கம் என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

தூத்துக்குடி பைபாஸ் ரோட்டில், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர்களை இறக்கி அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் அவர் சூப்பர்வைசர். நான் அதே யார்டின் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பரும் ஆள் வருகையும் எழுதுகிறவன். பெயர் செந்தூர்பாண்டி. அண்ணாச்சியைப் பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன். கெட்ட மனுஷர் இல்லை. கண்டபடி திட்டுவார், அரை மணி நேரத்தில் டீ வாங்கிக் கொடுப்பார். தப்பு என்னுடையது என்று வாயால் சொன்னதே கிடையாது. டீயோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிற ஜாதி.

எங்கள் யார்டில் எழுதி வைக்காத ஏற்பாடு ஒன்று உண்டு. ஆகஸ்ட் அஞ்சாம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்குக் கடற்கரைப் பையன்கள் போகும்போது அவர்கள் ஷிஃப்டை நாங்கள் பார்ப்போம். எங்கள் ஊர்களில் கோயில் கொடைவிழா வந்தால் எங்கள் ஷிஃப்டை அவர்கள் பார்ப்பார்கள். கப்பல் வந்து நிற்கும்போது லீவு கேட்டால் கிடைக்காது என்பதால், கொடைக்குப் போகிறவன் முந்தின நாளே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும்.

அண்ணாச்சிக்கு ஜோடி அமலன். திரேஸ்புரத்துக்காரன், முப்பத்தாறு வயது, கண்டெய்னர் நம்பரும் சீலும் சரிபார்த்து எழுதுகிற வேலை. எட்டு வருஷமாக இவர் ஷிஃப்டை அவனும், அவன் ஷிஃப்டை இவரும் மாற்றி மாற்றிப் பார்த்து வந்தார்கள்.

இந்தச் சித்திரையில் ஆதிச்சநல்லூர்ப் பக்கம் அண்ணாச்சியின் குடும்பக் கோயிலில் செவ்வாய்க்கிழமை கொடை. அமலன் செவ்வாய் பகலில் தன் வேலையைப் பார்த்தான், ராத்திரி அண்ணாச்சியின் வேலையைப் பார்த்தான், விடிந்ததும் மறுபடி தன் வேலைக்கு நின்றான். கொடை முடிந்து கண் சிவந்து வீடு வந்த அண்ணாச்சியை மத்தியானம் மூணு மணிக்கு மேனேஜர் போன் பண்ணி வரவழைத்தார். முந்தின ராத்திரி இரண்டு கண்டெய்னர் பெட்டிகளை வரிசை மாற்றி வைத்துவிட்டார்களாம். “ராத்திரி ஷிஃப்ட்ல நீங்க தூங்கிட்டீங்களா?” என்று பத்து பேர் முன்னால் கேட்டார். அந்த ராத்திரி தான் அங்கே இல்லவே இல்லை என்று அண்ணாச்சியால் எப்படிச் சொல்ல முடியும்? கொதித்துப்போய் வெளியே வந்தார். ஷெட் நிழலில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அமலன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். விரலுக்கிடையில் பேனா அப்படியே இருந்தது.

அண்ணாச்சி போனை எடுத்துப் படம் பிடித்தார். யார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ‘யார் தூங்குறாங்கன்னு எல்லாரும் பாத்துக்கோங்க’ என்று கீழே எழுதினார். மேனேஜரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்.

குரூப் சிரித்தது. ஒருத்தன் கொசுவர்த்திப் படம் போட்டான், ஒருத்தன் தாலாட்டு அனுப்பினான். நான் சிரிக்கிற மூஞ்சி மூன்று போட்டேன். அமலன் முந்தின நாள் காலை உள்ளே வந்தவன் இன்னும் வெளியே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தை எழுதியதே என் கைதான். இருந்தும் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அமலனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் ரெஜிஸ்டர் விஷயத்தைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என் கேட் வழியாகத்தான் போனான். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

அன்றைக்கு விட்டது அண்ணாச்சிக்குத் தூக்கம். அவர் சம்சாரம் செல்வலட்சுமி அக்கா பாலில் ஜாதிக்காய் இழைத்துக் கொடுத்தாள், உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள், கட்டிலைத் திசை மாற்றிப் போட்டாள். யார்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். ஒருத்தன் கசகசா என்றான், ஒருத்தன் கால் கட்டை விரலை அமுக்கச் சொன்னான். அண்ணாச்சி எல்லாவற்றையும் செய்தார். யார்டில் மட்டும் நாற்காலியில் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் கண் சொக்கும், யாராவது போனைத் தூக்குவான் என்று பயம். பன்னிரண்டு மணி நேரமும் நின்றே பார்த்தார்.

ஜூலை கடைசியில் அது நடந்தது. பெட்டி தூக்குகிற ராட்சத வண்டிக்கு வரிசையைக் கைகாட்டுவது அவர் வேலை. ஏழாவது வரிசைக்குப் பதிலாக ஆறைக் காட்டிவிட்டார். ஆறில் ஒரு லாரி டிரைவர் குனிந்து டயர் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டியவன் கண்ணில் பட்டதால் பெட்டி அந்தரத்திலேயே நின்றது. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நான்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இனிமேல் தூங்காவிட்டால் யாரையாவது கொன்றுவிடுவார், அவருக்கும் அது தெரிந்துபோயிருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டாம், முதலில் பேசிப் பாருங்கள் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே சரண்யாதேவி என்று ஒரு கவுன்சிலர். சின்ன வயசு. அண்ணாச்சி என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார்.

“படுத்ததும் என்ன நினைப்பு சார் வருது?”

“என்னத்த வரும்? வேல நெனப்புதான். மக பிரசவத்துக்கு இருக்கா, அந்த நெனப்பு.”

“வந்ததும் என்ன செய்வீங்க?”

“வெரட்டுவேன்.”

“விரட்டினா போகுதா?”

அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்தார்.

அவள் சொன்னது எனக்கே புதுசாக இருந்தது. நினைப்போடு சண்டை போடப் போட அது பெருத்துக்கொண்டே போகுமாம். சாயங்காலம் நாலரைக்கு ஒரு நோட்டோடு உட்கார வேண்டும். வருகிற கவலையை எல்லாம் இடது பக்கம் எழுத வேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் வலது பக்கம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கோடு. ராத்திரி அதே நினைப்பு வந்தால் திட்டாமல், ‘நீ வந்திருக்க, தெரியுது, உன் நேரம் நாளைக்கு நாலரை’ என்று அனுப்பிவிட வேண்டும். தூக்கம் வராமல் புரண்டுகொண்டே கிடக்கக் கூடாது, எழுந்து உட்கார வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

“அரசாங்க ஆபீஸ்ல நம்மள அனுப்புத மாதிரில்லா இருக்கு,” என்றார் அண்ணாச்சி வெளியே வந்து. ஆனால் செய்தார். எடைமேடைக்குப் பின்னால் நின்றுகொண்டே, சுவரில் நோட்டை வைத்து எழுதுவார். மழை வந்தால் யார்டில் தண்ணீர் நிற்கும்: மோட்டாருக்குச் சொல்லி வைக்கணும். மகளுக்கு ரத்தம் குறைவு: பேரீச்சம்பழம், டாக்டர். பத்து நாளில் ராத்திரிக்கு மூன்று மணி நேரம் தூங்க ஆரம்பித்தார். அதற்கு மேல் ஏறவில்லை.

ஆகஸ்ட் அஞ்சாம் தேதி அவருக்கு வேலை இல்லாத நாள். காலை எட்டு மணிக்கு யார்டுக்கு வந்து நின்றார்.

“யாருக்குப் பதிலா அண்ணாச்சி?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“சும்மாதாம்லே,” என்றார். ராத்திரி எட்டு மணி வரை நின்றுவிட்டுப் போனார். எட்டு வருஷமாக அது அமலனுக்காக நின்ற நாள். இப்போது அமலன் திருவிழாவுக்குப் போக யாருடைய தயவும் வேண்டியதில்லை.

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சரண்யாதேவி நோட்டைப் பொறுமையாகப் படித்தாள். “ராத்திரி வர்றது இதெல்லாம்தானா சார்? எழுதாம ஏதாவது இருக்கா?”

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

“சரி, என்னன்னு சொல்ல வேண்டாம். அது வரும்போது உடம்புல எங்க தெரியுது?”

“மூஞ்சில. சுடுது.”

“நெஞ்சு படபடன்னு அடிக்குதா? கை இறுகுதா?”

“இல்ல. மூஞ்சிதான். போர்வையை இழுத்து மூடிக்கிடுவேன்.”

“அப்ப அது பயம் இல்ல, கோபமும் இல்ல சார்.”

ஐம்பத்து நாலு வயது மனுஷர், அந்தச் சின்னப் பெண் முன்னால், “வெக்கம்” என்றார். பிறகு, “ஒருத்தன் மூஞ்சில முழிக்க முடியல தாயி,” என்றார். கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அவருக்கு இடம் கொடுக்கப் போனதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் மூஞ்சியும் சுட்டது.

அன்றைக்கு இடது பக்கத்தில் ‘அமலன்’ என்று எழுதினார். வலது பக்கம் ஒரு வாரம் காலியாகக் கிடந்தது. கோடு போடவும் மனசு வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். செய்யக்கூடியது ஒன்றுமே இல்லாவிட்டால்தானே கோடு. எட்டாம் நாள் ‘போகணும்’ என்று எழுதினார்.

இதற்கப்புறம் நடந்தது அண்ணாச்சி எனக்குச் சொன்னது. திரேஸ்புரத்தில் விசாரித்துப் போயிருக்கிறார். அமலன் இப்போது அவன் மச்சான் வைத்திருக்கும் மீன்பிடி வள்ள இன்ஜின் ரிப்பேர்க் கடையில் வேலை பார்க்கிறான். மத்தியானம் இரண்டு மணி, வீட்டில் அவன் மனைவி பெர்சி மட்டும் இருந்தாள். பெயரைச் சொன்னதும் அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “மூணு மணிக்குச் சாப்பிட வருவாவ, இரிங்க,” என்று ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதே மாதிரி நீல பிளாஸ்டிக் நாற்காலி.

நாலு மாதம் நாற்காலிக்குப் பயந்த மனுஷர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினார். முதலில் மன்னிப்பு, பிறகு ஏன் கோபம் வந்தது என்று. இல்லை, கோபத்தைச் சொல்லக் கூடாது, அது சாக்கு. கடல் காற்று வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை முதலிலிருந்து அடுக்கியது நினைவிருக்கிறதாம்.

கண் விழித்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகிவிட்டது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. மேஜை மேல் நின்ற மின்விசிறியை யாரோ தரையில் இறக்கி, அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் “சத்தம் போடாம அங்கன போய் வெளையாடுங்க” என்று பெர்சி சொல்வது கேட்டது. எதிரே தரையில் அமலன், கிரீஸ் கையோடு, ஒரு கார்புரேட்டரைச் செய்தித்தாளில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். தட்டினால் சத்தம் கேட்கும் என்று வேலையை நிறுத்தியிருக்கிறான். மணி ஐந்தரை.

“நல்லாத் தூங்குனியளா?” என்றான்.

அண்ணாச்சி வாயைத் துடைத்தார்.

“போட்டோ ஒண்ணும் எடுக்கல அண்ணாச்சி.”

அதைக் கேலியாகச் சொன்னானா, குத்திச் சொன்னானா, அவர் பயந்துவிடுவாரே என்று நிஜமாகவே சொன்னானா என்று அண்ணாச்சிக்கு இன்றைக்கும் தெரியாது. மூன்றில் எதுவாக இருந்தாலும் தாங்க முடியவில்லை என்றார். அடுக்கி வைத்த பேச்செல்லாம் போய்விட்டது.

“நீ அன்னைக்குத் தூங்குனது என்னாலதாம்லே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எடுத்தேன். பெறவும் யார்ட்டயும் சொல்லல.”

அமலன் கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சொல்லுவியன்னு நெனச்சேன். ரெண்டு நாளு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. பெறவு குரூப்ல இருந்து தூக்கிட்டாவ.” கார்புரேட்டரைக் கீழே வைத்தான். “காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

அவன் மன்னித்ததாகச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, டீயோ காபியோ குடித்ததால் ஒரு விஷயம் முடிந்துவிடாது என்று தெரிந்தது என்றார்.

மறுநாள் காலை குரூப்பில் எழுதினார்: ‘அமலன் தூங்கியது முந்தின ராத்திரி என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்ததால். நான் கொடைக்குப் போயிருந்தேன். ரெஜிஸ்டரில் கையெழுத்து பொய். தப்பு என்னுடையது.’ அறுபத்திரண்டு பேர் பார்த்தோம். ஒருத்தனும் ஒன்றும் போடவில்லை. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். பழைய ஆள் என்று சீட்டைக் கிழிக்காமல், சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, சீல் பார்க்கிற வேலைக்கு, அதாவது அமலன் பார்த்த வேலைக்கே போட்டார்கள். அமலனைத் திரும்பக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பானா என்று தெரியாது.

அண்ணாச்சி இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறார். சில ராத்திரி மூஞ்சி சுடுவதுண்டாம். “வந்திருக்க, இரி” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாராம். நாலரைக்கு நோட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தே எழுதுகிறார்.

நேற்று நாலரைக்குக் கேட்டை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு அவரிடம் போனேன். முந்தின நாள் குரூப்பில் மேலே மேலே தள்ளி மே மாதம் வரை போய்ப் பார்த்திருந்தேன். நான் போட்ட மூன்று மூஞ்சிகளும் அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கின்றன. அழிக்கிற கெடு தாண்டிவிட்டது.

“ஒரு தாள் கிழிச்சுத் தாங்க அண்ணாச்சி,” என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நடுப்பக்கத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார், பேனாவையும் நீட்டினார். பேனா என்னிடமே இருக்கிறது என்றேன்.