சிரிக்க ஆள் வேண்டிய பாட்டு

அம்மாவின் செத்தவீட்டுக்குத் தங்கச்சி போனில்தான் வந்திருந்தாள். கனடாவின் வடக்கே, பனிப் பிரதேசத்தில் இனுயிட் மக்கள் வாழும் சிறிய ஊர் ஒன்றில் அவள் தாதி. பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து லைன் அறுந்துபோனது. பனிப்புயலாம், மறுநாள் சொன்னாள். "தப்பிக்கப் புயலும் உனக்கு ஒரு சாட்டு" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். ஒன்றரை வருடம். நானும் போன் எடுத்துப் பேசவில்லை. எனக்கு வீம்புக்குக் குறைவில்லை. இங்கே ஊரில், வாவிக்கரையில் ஒற்றை ஆளாக இருந்துகொண்டு அந்த வீம்பை யாரிடம் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

போன மாசியில் ஒரு காலை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது.

"அக்கா, இஞ்ச முந்தி ரெண்டு பேருக்குள்ள கோபம் வந்தா ஆளை ஆள் நக்கலடிச்சுப் பாட்டுக் கட்டி, ஊருக்கு முன்னால நிண்டு பாடுவாங்களாம். ஆர்ர பாட்டுக்குச் சனம் கூடச் சிரிக்குதோ அவங்கதான் வெண்டவங்க. பிறகு ஒருத்தரும் மனசில வச்சிரிக்கப்படாது. எங்கட ஆஸ்பத்திரிக்கு வாற ஒரு அம்மா சொன்னவ. இப்ப கேளு கா."

பாடினாள்.

*ஆத்து மீனில் ஆணம் வைப்பா எங்கக்கா – அதில்
அரைவாசி உப்பெண்டா மீதி கோபமாம்.*

என் மீன்குழம்பைத்தான் நக்கலடிக்கிறாள். மெட்டைக் கேட்டதும் பிடிபட்டது. எங்கள் ஊரில் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பு இழுப்பார்கள். இழுக்கும்போது ஒரு கட்சி மற்றக் கட்சியை ஏசிப் பாடும். அந்த மெட்டுத்தான். அவளுக்குச் சுருதி என்றைக்குமே சேராது. கையில் செதிலோடு நின்று சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வீடு முன்னைவிட வெறிச்சென்று இருந்தது.

பதில் கட்ட மூன்று நாள் பிடித்தது. ஏசலாம் என்று வாயைத் திறந்தால் ஒப்பாரிதான் வந்தது. கடைசியாக நான் பாடியது அம்மாவுக்கு. தொண்டை அந்த மெட்டிலேயே நின்றுவிட்டது போலும். பாடிப்பாடி அழித்தேன். நாலாம் நாள் ஒருவாறு அனுப்பினேன்.

*பெட்டி மூடும் நேரத்தில லைன் அறுந்ததாம் – எங்கட
தங்கச்சிர ஊரில பனிக்கும் சாட்டுத் தெரியுமாம்.*

அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். அவள் சிரிக்காவிட்டால் எனக்கு இருக்கிற ஒரே உறவும் போய்விடும்.

மறுநாள் காலையில் அவளே போன் எடுத்தாள். அங்கே பின்னேரம். ஊர் மண்டபத்தில் சனம் கூடியிருந்ததாம். என் பாட்டைப் போட்டுக் காட்டி, அர்த்தமும் சொல்லியிருக்கிறாள். தட்டையான மேளம் ஒன்றின் சத்தத்தோடு ஐம்பது அறுபது பேரின் சிரிப்பு என் குசினிக்குள் வந்தது. நான் முகம் தெரியாத சனம்.

"நீதான் வெண்டிட்டாய் கா! என்ட பாட்டுக்கு அங்க எத்தின பேர் சிரிச்ச?"

"நான் மட்டுந்தான்" என்றேன்.

பிறகு மெல்லக் கேட்டாள்: "சரி, அப்ப சண்டை முடிஞ்சிதுதானே?"

முடிந்துதான் விட்டது. அனுப்பிய அன்றே என் கோபம் போய்விட்டது. ஆனால் சண்டை முடிந்தால் இவள் இனி எதற்குப் போன் எடுக்கப் போகிறாள் என்று நினைத்ததும் எனக்குப் பயம் பிடித்தது.

"இல்ல புள்ள" என்றேன். "எனக்கு இன்னும் கோபம் இரிக்கி. நீ அடுத்த பாட்டை அனுப்பு."