என் கையால் தின்னாத நாய்

பத்து வருசம் அந்த நாய் என் கையால் ஒரு வாய் தின்றதில்லை. செம்பட்டியில் இருந்து தக்காளிப் பெட்டியில் வைத்து அதை ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். வழியில் இரண்டு தடவை என் வேட்டியில் வாந்தி எடுத்தது. துடைத்தவனும் நான். அப்படிப்பட்ட நாயை எனக்கு ஆகாமல் செய்தது முத்துப்பேச்சி மதினி. சொன்னது அவர், செய்தது என் கை. அந்த மனக்குறை இன்னும் முழுசாகப் போகவில்லை.

முத்துப்பேச்சி என் பெரியப்பா மகனுக்குப் பெண்டாட்டி. அண்ணன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் புவனேஸ்வரியை வைத்துக்கொண்டு ஆடு மேய்த்துப் பிழைத்தவர் மதினி. எங்கள் ஊர் சாணார்பட்டிக்குக் கிழக்கே, நத்தம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மதினி வீடு ஊருக்கு வெளியே, காட்டு ஓரம். என் வீட்டில் இருந்து கூப்பிடு தூரம். நான் லோடு வேன் ஓட்டுகிறவன். விடிவதற்குள் தக்காளி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவேன், சாயங்காலம் திரும்புவேன்.

தொண்ணூற்றைந்தில், ஐப்பசி மழைக்குள், மதினியின் பட்டியில் ஏழு ஆடு களவு போனது. அப்போது மணி என்று ஒரு நாய் வைத்திருந்தார். காலையில் பார்த்தால் மணி வேலி ஓரம் விறைத்துக் கிடக்கிறது. வாயில் நுரை. பக்கத்தில் பாதி தின்ற கறித்துண்டு. அதில் வயலுக்குப் போடும் குருணை மருந்து ஒட்டியிருந்தது. ஊரே வந்து நின்று பார்த்தது. மதினி அழவில்லை. வந்தவர்களிடம் ஒன்றுதான் கேட்டார்: மணி குரைத்தது யார் காதிலாவது விழுந்ததா? யார் காதிலும் விழவில்லை. அந்த நாய் வேற்றாள் நிழல் பட்டாலே ஊரை எழுப்பிவிடும். சத்தம் போடாமல் வாங்கித் தின்றிருக்கிறது என்றால், கொடுத்தது அதற்குத் தெரிந்த கை.

ஏழு ஆட்டைத் தோளில் தூக்கிப் போக முடியாது. வண்டி வேண்டும். அன்றைக்கு எங்கள் ஊரில் வண்டி வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். என் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு மழைக்கு மாறும், அவ்வளவுதான். மதினியும் ஒன்றும் சொல்லவில்லை. 'அவன் செய்திருக்க மாட்டான்' என்றும் சொல்லவில்லை. களவு செய்தவன் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மதினி என் வேன் பக்கம் வந்து நின்றார். செம்பட்டியில் பெரியகருப்பன் என்பவர் தென்னந்தோப்பில் நாய் குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்று பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். பெரியகருப்பன் நல்ல திடமான கடுவன் குட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மதினிக்கு அது வேண்டாம். கடுவன் மார்கழி வந்தால் பொட்டையைத் தேடி ஊர் சுற்றப் போய்விடும், பட்டியில் யார் படுப்பது என்றார். சட்டியில் கூழை ஊற்றி ஐந்து குட்டியையும் விடச் சொன்னார். நான்கு குட்டி முண்டியடித்துக்கொண்டு சட்டிக்குள் தலையை விட்டன. ஒன்று மட்டும் சட்டியைச் சுற்றி வந்து, முகர்ந்து பார்த்து, அப்புறம் நக்கியது. செவலைப் பொட்டை. அதைத்தான் எடுத்தார். பேரும் செவலை என்றே ஆகிவிட்டது.

குட்டி வளர்ப்பில் மதினி யார் பேச்சையும் கேட்க மாட்டார். பசும்பால் கொடு, சீக்கிரம் வளரும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கொடுத்த வீட்டில் எல்லாம் குட்டி கழிந்துகொண்டு கிடக்கும். இவர் கேப்பைக் கூழை ஆறவைத்து, மோர் ஊற்றிக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை வைத்தார். எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் இருந்து திரும்பும்போது சாணார்பட்டியில் பீர் முகமது டீக்கடையில் இரண்டு பொறை ரொட்டி வாங்குவேன். வேன் சத்தம் கேட்டதும் குட்டி வரப்பு மேல் ஓடிவரும். பின்பக்கம் முழுக்க ஆடும். என் உள்ளங்கையில் இருந்து பொறையைக் கடித்துத் தின்னும். அன்றன்றைக்கு மார்க்கெட்டில் பட்டதெல்லாம் அதோடு போய்விடும்.

அதற்கு ஐந்து மாசம் ஆனபோது, ஒரு சாயங்காலம், மதினி என்னை வழியிலேயே நிறுத்தினார். கையில் பொறை ஒன்று வைத்திருந்தார்.

"கொழுந்தா, இன்னைக்கு இதக் குடு."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நடுவில் பிளந்து, அரைத்த மிளகாய் வத்தல் விழுதை அப்பி, கறிச்சாற்றில் நனைத்து மூடியிருந்தது.

"ஊர்ல வேற ஆளா இல்ல மதினி?"

"வேற எவன் குடுத்தாலும் அது மோந்து பாக்கும். நீ குடுத்தா மோந்து பாக்காது. அதுக்குத்தான் நீ வேணும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பாரோ என்று ஒரு பயம். ஆடு போனதில் இருந்து அவர் முன்னால் எதற்கும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குட்டி ஓடிவந்தது. நான் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிறுமலைப் பக்கம் பார்த்தபடி நின்றேன். ஒரே கடியில் விழுங்கியது. அப்புறம் அது போட்ட சத்தம் இப்போதும் எனக்குள் இருக்கிறது. மூஞ்சியை மண்ணில் தேய்த்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி ஓடி, தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கியது. மதினி ஓடிப்போய்த் தூக்கி, மோரை ஊற்றி வாயைக் கழுவினார். எரிய வைத்தது என் கை, ஆற்றியது அவர் கை. அதுதான் கணக்கு.

மறுநாள் என் வேன் சத்தத்துக்குக் குட்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மதினி அதோடு விடவில்லை. வேலி ஓரத்தில் வத்தல் வைத்த உருண்டைகளை அங்கங்கே போட்டு வைத்தார். கீழே கிடப்பதையும் தொடக் கூடாது என்று அது படித்துக்கொண்டது. அவர் கையால் அலுமினியத் தட்டில் வைத்தால் மட்டும் தின்னும்.

நான் பொறை வாங்குவதை நிறுத்தியதும் பீர் முகமது விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "நாயே ஒன்னைய நம்ப மாட்டேங்குது, நான் எப்படிய்யா நம்புறது?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

வருசத்துக்கு ஒரு தடவை வெறிநோய் ஊசி போட என் வேனில்தான் திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செவலை வேனில் ஏறாது. மதினி அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவார். அங்கே எல்லாரும் மாடும் ஆடும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாட்டு நாய்க்கு ஊசியா என்று கேட்பார்கள். டாக்டர் மட்டும் இவரிடம் பொறுமையாகப் பேசுவார். பூச்சி மாத்திரை எத்தனை மாசத்துக்கு ஒன்று, உப்பும் காரமும் ஏன் ஆகாது, வேகவைத்த கோழி எலும்பு குடலைக் குத்திவிடும் என்றெல்லாம் சொல்வார். மதினி ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டார். ஒரு கோடையில் செவலைக்குச் சொறி வந்தது. வண்டிக்காரர்கள் எல்லாம் செய்கிற வைத்தியம்தானே என்று கழிவு ஆயில் அரை டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். நக்கினால் குடல் வெந்துபோகாதா என்று கேட்டு, டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டார். டாக்டரிடம் மருந்து வாங்கிவந்து இருபது நாள் தன் கையாலேயே குளிப்பாட்டினார். உண்ணியைக்கூட ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார். என் கையில் இருந்து மருந்தும் அந்த நாய்க்குப் போகக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு காலையில் மதினி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேலி ஓரம் கறித்துண்டு ஒன்று கிடந்தது. சுற்றிலும் எறும்பு செத்துக் கிடந்தது. செவலை அதைத் தாண்டி அந்தப் பக்கம் படுத்திருந்தது. தொடவில்லை. பட்டியில் பதினான்கு ஆடும் நின்றன. அன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தேன். மதினி மண்வெட்டியை என்னிடம் கொடுத்து, வேற நாய் தோண்டாத அளவுக்கு ஆழமாகக் குழி வெட்டு என்றார். வெட்டிப் புதைத்தேன். போகும்போது வண்டியில் இருந்த பன்னைப் பிய்த்துச் செவலைக்கு நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தது. எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு என் கையும் திருடன் கையும் ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஆறில் மதினிக்கு வயிற்றில் வலி வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். கட்டி முற்றிவிட்டது என்றார்கள். எட்டு நாள் அங்கே இருந்தார். திருப்பூரில் இருந்து புவனேஸ்வரி வந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டாள். நாயை யார் வாங்குவார்கள்?

முதல் நாள் நான் தட்டில் சோறு வைத்தேன். தட்டைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, போய்விட்டது. புவனேஸ்வரி வைத்தாள், தொடவில்லை. பசித்தால் தானாகத் தின்னும், விட்டுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். நான்காம் நாள் அது எழுந்து நடக்கும்போது பின்னங்கால் பின்னியது. பத்து வயசுக்கு மேல் ஆன நாய், பல் தேய்ந்துபோனது. மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன். குளுக்கோஸ் ஏற்றலாம், எத்தனை நாளைக்கு ஏற்றுவது என்றார். அவர் சொன்னதும் சரிதான். தண்ணீர் மட்டும் தொட்டியில் தானாகக் குடித்துக்கொண்டது. அதில்தான் உயிர் நின்றது.

எட்டாம் நாள் மதினியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலை வாசலில் போடச் சொன்னார். செவலை வந்து கட்டிலுக்கு அடியில் படுத்தது. மதினி படுத்தபடியே தட்டுச் சோற்றில் கை வைத்தார். தின்றது. இப்படிப் பத்து நாள் ஓடியது. அப்புறம் தட்டு வரைக்கும் கை போகவில்லை. நான் அவர் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். நாய் அவர் விரல் பட்ட சோற்றை மட்டும் தின்றுவிட்டு மீதியை விட்டது. அதை மதினியும் பார்த்தார், நானும் பார்த்தேன். இவர் போன மறுநாளில் இருந்து இது பட்டினி கிடந்து சாகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் புவனேஸ்வரி குளிக்கப் போயிருந்தாள். பதினோரு வருசமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"மதினி, அன்னைக்கு ஆடு போனப்ப என்னையத்தான் நெனச்சீங்களா?"

கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நெனச்சேன். ரெண்டு நாள் நெனச்சேன். மூணாம் நாளு ஒன் வேன்ல ஏறிச் செம்பட்டிக்கு வந்தேன்ல."

"அத ஊர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். இதைக் கேட்க எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. தட்டில் மிச்சம் கிடந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவரேதான் பேசினார்.

"நாளையில இருந்து தட்ட நீயே வையி. வச்சிட்டு எந்திரிச்சுப் போயிராத. அது முன்னால ஒக்காந்து, அந்தச் சோத்துல மொத வாய நீ தின்னு. அது பாக்கணும். அப்புறம் தட்டத் தள்ளி விடு."

"நாய்ச் சோத்தையா?"

"நாய்ச் சோறுதான். எலும்பு கெடக்கான்னு பாத்துப் பெசஞ்சுக்க. உப்புப் போட்ராத, டாக்டரு வேணாம்னுருக்காரு."

செத்த நேரம் மூச்சு வாங்கினார். கட்டிலுக்கு அடியில் இருந்து செவலை தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் குடுத்த. அது பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப உப்பில்லன்னு மூஞ்சியச் சுளிச்சிராத கொழுந்தா. அதப் பாத்துக்கிட்டே தின்னு."